துண்டெலும்பும் முழுப்பெயரும்

கல்முனையிலிருந்து மேற்கே நாவிதன்வெளிக்குப் போகும் பாதையில் கிட்டங்கித் தாம்போதி இருக்கிறது. மாரிமழை பலத்தால் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும். வெள்ளம் இறங்கும் நாட்களில் முதலை ஒன்று கரையேறி வெயில் காய்வதும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அப்படிக் கிடந்த ஒரு முதலையைப் பார்க்கச் சனம் கூடியிருந்தது. நானும் என் நண்பர் ஒருவரும் அங்கே நின்றோம். நண்பர் கல்முனைக்குடியைச் சேர்ந்த முஸ்லிம். பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்றவர். கூட்டத்தில் நின்ற ஒரு சிறுவன் தன் தம்பிக்கு விளக்கம் சொன்னான்:

"இது டைனோசர் காலத்துக்கும் முந்தினது. அண்டைக்கு எப்படி இருந்திச்சோ இண்டைக்கும் அப்படியேதான் இருக்கு."

நண்பர் அவனை அருகே அழைத்தார். "தம்பி, அதுட மூக்கோட்டை எங்க கிடக்கு எண்டு பாருங்க" என்றார். சிறுவன் உற்றுப் பார்த்து, வாயின் நுனியைக் காட்டினான். "சரி. நீங்க சொல்ற அந்தக் காலத்தில முதலை மாதிரி ஒண்டு இருந்திச்சி. அதுக்கு மூக்கு நெத்திக்குக் கிட்ட. அது முதலையும் இல்ல, முதலைட வாப்பாவும் இல்ல" என்றார். சிறுவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பின்னர் தேநீர்க் கடையில் அமர்ந்து அந்த விலங்கின் கதையை அவர் விரிவாகச் சொன்னார். அது வெறும் உயிரியற் பாடமாக எனக்குத் தோன்றவில்லை. மனச்சாட்சிக்குரிய ஒரு கேள்வி அதற்குள் இருந்தது. ஒருவரைப் பற்றி நமக்குத் தெரிந்த சிறு துண்டை வைத்துக்கொண்டு அவர் முழுவதற்கும் பெயர் சூட்ட நமக்கு உரிமை உண்டா? சூட்டிய பெயர் பிழையென்று தெரியவந்தால், அதன்பின் நமது கடமை என்ன? வாசகர்களோடு சேர்ந்து இக்கேள்வியைச் சிந்திக்க விரும்புகிறேன். அதற்கு முதலில் அந்த விலங்கின் கதையைச் சொல்லவேண்டும்.

கோதாவரிப் பள்ளத்தாக்கில்

ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகளுக்கு முன், புவியியலாளர் திரயாசிக் காலம் என்று அழைக்கும் யுகத்தின் பிற்பகுதியில், ஆறுகளிலும் ஏரிகளிலும் ஒருவகை ஊர்வன வாழ்ந்தன. நீண்டு ஒடுங்கிய தாடை, அது நிறையக் கூரிய பற்கள், முதுகில் எலும்புத் தகடுகளாலான கவசம், குட்டையான கால்கள், நீண்ட வால். கங்கையில் இன்று வாழும் நீள்மூக்கு முதலையைக் கண்ட எவரும், இது அதன் பாட்டன் என்றே சொல்வார். இக்கூட்டத்துக்குப் பைற்றோசோர்கள் என்று பெயர். இவற்றுள் சில 6 மீற்றருக்கும் மேலாக வளர்ந்தன.

இக்கூட்டத்தில் இந்திய மண்ணுக்குரிய ஒரு பேரினம் பராசூக்கஸ். 'முதலைக்கு அருகானது' என்பது அப்பெயரின் பொருள். அதன் எலும்புகள் இன்றைய தெலுங்கானா மாநிலத்தில், பிராணஹிதா, கோதாவரி நதிகளின் பள்ளத்தாக்கில், மலேரி என்ற ஊரின் பெயரால் வழங்கும் செம்மண் படிவங்களில் கிடைத்தன. நமது தீவில் அவை கிடைப்பதில்லை. இலங்கையின் பெரும்பகுதி அதற்கும் மிக முந்திய உருமாறிய பாறைகளாலானது. தப்போவைப் பகுதியில் கிடைக்கும் உயிர்ச்சுவடுகளோ பிந்திய யுராசிக் காலத்துத் தாவரங்களுடையவை. ஆயினும் பராசூக்கஸ் வாழ்ந்த நாட்களில் இந்தியா என்றும் இலங்கை என்றும் கடல் பிரித்திருக்கவில்லை. ஆபிரிக்காவும் மடகஸ்காரும் அந்தாட்டிக்காவும்கூட நம்மோடு ஒட்டிக்கிடந்த ஒரே பெருநிலத்தின் பகுதிகளே. எனவே அது நமக்கு முற்றிலும் அந்நியமான விலங்கு அல்ல.

உருவத்தால் முதலையைப் போலிருந்த இது உறவால் முதலைக்கு மூதாதை அல்ல. முதலையின் நாசித்துவாரங்கள் நீண்ட வாயின் நுனியில் இருக்கின்றன. பைற்றோசோரின் நாசித்துவாரங்களோ கண்களுக்குச் சற்று முன்னால், தலையின் மேற்புறத்தில் இருந்தன. குதிக்கால் எலும்பின் அமைப்பும் வாயின் மேலண்ணமும் வேறு. அதே திரயாசிக் காலத்தில் இன்றைய முதலைகளின் உண்மையான முன்னோரும் வாழ்ந்தார்கள். அவர்களில் பலர் மெலிந்த உடலும் நீண்ட கால்களும் கொண்டு, தரையில் ஓடித் திரிந்த சிறு பிராணிகள். அவற்றை அன்று நாம் கண்டிருந்தால் முதலைக்கு உறவென்று சொல்லியிருக்கமாட்டோம். இன்று உயிரோடிருக்கும் விலங்குகளுள் முதலைக்கு மிக நெருங்கிய உறவு பறவைகளே. பல்லியும் உடும்பும் அதற்கு அடுத்தபடிதான்.

ஒரே தொழில் ஒரே உருவத்தைத் தருகிறது. தண்ணீரில் பதுங்கிக் கிடந்து வாயால் பிடித்துத் தின்ன வேண்டுமாயின் உடல் எப்படி அமையவேண்டுமோ அப்படியே இரண்டும் தனித்தனியாக அமைந்தன. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன், திரயாசிக் காலத்தின் முடிவில் பேரழிவு வந்தபோது பைற்றோசோர்கள் அடியோடு மறைந்தன. அவை விட்ட இடத்துக்கு முதலைகளின் வம்சம் பின்னரே வந்து சேர்ந்தது.

பெயர் வைத்த கதை

இனி, இவற்றுக்குப் பெயர் வைத்த கதை. 1828இல் ஜேர்மனியில் ஜேகர் என்ற அறிஞர் இவ்வகை விலங்கொன்றின் தாடைத் துண்டுகளைப் பெற்றார். பற்கள் என்று அவர் எண்ணியவை மழுங்கித் தட்டையாக இருந்தன. இவ்வளவு மழுங்கிய பல்லால் இலைதழையைத்தான் அரைத்திருக்க முடியும் என்று கருதி, 'தாவரப் பல்லி' என்று பொருள்படும் பைற்றோசோரஸ் என்னும் பெயரை இட்டார். உண்மையில் அவர் கண்டவை பற்களே அல்ல. பற்கள் விழுந்துபோன குழிகளில் சேறு புகுந்து, காலப்போக்கில் கல்லாக இறுகிய அச்சுகள் அவை. இல்லாத பல்லை வைத்து இல்லாத பழக்கத்தைக் கண்டுபிடித்து, அதையே பெயராகவும் ஆக்கிவிட்டார்கள்.

இந்திய விலங்கின் கதை இன்னும் சிக்கலானது. ஸ்கொத்லாந்திலிருந்து நாக்பூருக்கு 1845இல் வந்த ஸ்டீபன் ஹிஸ்லொப் என்ற புரட்டஸ்தாந்து மிஷனரி, போதனைக்கும் கல்விப் பணிக்கும் இடையே கல்லையும் எலும்பையும் தேடிச் சேகரித்தவர். 1863இல் நாக்பூருக்கு அருகே ஆறொன்றைக் கடக்கையில் வெள்ளத்தில் அகப்பட்டு இறந்தார். டார்வினின் கொள்கைக்காக வாதாடியவர் என்று பெயர்பெற்ற ஹக்ஸ்லி, 1870இல் பராசூக்கஸ் என்ற பெயரை முதலில் வழங்கினார். 1885இல் லைடெக்கர் என்பவர் அதை விரிவாக விவரித்தார். மிஷனரியின் நினைவாக அதன் முழுப்பெயர் பராசூக்கஸ் ஹிஸ்லோப்பி என்றாயிற்று.

ஆனால் அந்தப் பெயருக்கு ஆதாரமாக அவர்கள் கையிலிருந்தவை உடைந்த சில துண்டுகள். பிற்காலத்தில் நுணுகி ஆராய்ந்தபோது அவற்றில் ஒரு மூக்குத் துண்டுதான் பைற்றோசோருடையது என்றும், மண்டையோட்டின் அடிப்பகுதி முற்றிலும் வேறான, கிளியலகு போன்ற வாயுடைய தாவர உண்ணியொன்றினுடையது என்றும் தெரிந்தது. இரண்டு விலங்குகளை ஒட்டவைத்து ஒரு பெயரைச் சூட்டியிருந்தார்கள்.

கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மலேரிப் படிவங்களில் மீண்டும் தேடினார்கள். அருகருகே கிடந்த, ஏறக்குறைய முழுமையான இரண்டு பராசூக்கஸ் எலும்புக்கூடுகள் அவர்களுக்குக் கிடைத்தன. சங்கர் சட்டர்ஜி 1978இல் அவற்றை விவரித்து எழுதினார். உடலின் நீளம் ஏறத்தாழ இரண்டரை மீற்றர். இரண்டின் வயிற்றுப் பகுதியிலும் வேறொரு சிறிய ஊர்வனவின் எலும்புகள் இருந்தன. அது மலேரிசோரஸ் என்று 1980இல் பெயர் பெற்றது. 'தாவரப் பல்லி' வம்சத்தின் வயிற்றில் இருந்தது இன்னொரு விலங்கு!

பிழையான பெயர் எப்போதும் பழிப்பெயராகத்தான் இருக்கும் என்று எண்ணவேண்டாம் என்பதை இங்கே கவனிக்கவேண்டும். கொன்று தின்னும் ஒரு விலங்குக்கு நூற்றைம்பது ஆண்டுகளாக நாம் கொடுத்திருந்தது சாதுப் பெயர். துண்டைப் பார்த்து முழுவதைச் சொல்கிறவன் கெட்டவனை நல்லவன் என்பான். நல்லவனைக் கெட்டவன் என்பான். வெளுத்ததெல்லாம் பாலென்று நம்பி ஏமாந்த குடும்பங்கள் நம்மிடையே குறைவா?

அப்படியானால் பிழைபட்ட அந்தப் பெயரை என்ன செய்தார்கள்? தூக்கி எறிந்தார்களா? எறியவில்லை. விலங்குகளின் பெயர்களுக்கு ஒரு சர்வதேச ஆணைக்குழு உண்டு. ஒவ்வொரு பெயரும் ஏதேனும் ஒரு மாதிரியின்மேல் நிற்கவேண்டும் என்பது அதன் விதி. சட்டர்ஜியின் விண்ணப்பத்தை ஏற்று 2003இல் அந்த ஆணைக்குழு தீர்ப்பளித்தது: பழைய துண்டுகள் இனி இப்பெயருக்கு ஆதாரமல்ல; அவற்றின் இடத்தில் கண்டெடுத்த முழு எலும்புக்கூடுகளுள் ஒன்றே இனி ஆதாரம். பெயர் அதேதான். அது நிற்கும் அத்திவாரம் மாறிவிட்டது. அந்த உறுதியான அத்திவாரம் கிடைத்தபின் 2016இல் வெளியான ஓர் ஆய்வு, ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் வேறு பெயரால் அறியப்பட்டிருந்த சில விலங்குகளும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை என்று காட்டியது.

இன்னொன்றையும் நண்பர் சொன்னார். "பிழை விட்டாங்க, மாஸ்டர். ஆனா எலும்ப எறியல்ல. அதனாலதான் பொறகு வந்தவங்க பிழையெண்டு கண்டுபிடிச்சாங்க." அந்த வார்த்தை என்னைத் தைத்தது. பெயரை எடுத்துக்கொண்டு ஆதாரத்தைத் தொலைத்துவிடுவது நமது வழக்கம். 'அவன் அப்படிப்பட்டவன்' என்பது நினைவிருக்கும். யார் சொன்னார், எதைக் கண்டு சொன்னார் என்பது ஒருவருக்கும் நினைவிராது. பிறகு எதை எடுத்துப் பார்த்துத் திருத்துவது?

ஒரு பஸ் பிரயாணம்

நான் இதை எழுதத் துணிந்ததற்குக் காரணம் என்னுடைய சொந்தக் குற்றம் ஒன்று. அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பிறருக்குச் சொல்லும் புத்திமதியாகிவிடும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் நடந்தவற்றை வாசகர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. 250இற்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நம்மில் பலர் அவர்களுக்காக அழுதோம். சிலர் தம் சொந்தப் பிள்ளைகளையே புதைத்தார்கள்.

சில வாரங்களின் பின் மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு பஸ் வண்டியில் வந்துகொண்டிருந்தேன். அந்த வழியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, பெரியகல்லாறு, மருதமுனை, பாண்டிருப்பு என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறிமாறி வரும். காத்தான்குடியில் தாடி வைத்த ஓர் இளைஞன் ஏறினான். தோளில் பாரமான பை. என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது, அதில் உட்கார்ந்தான். இரண்டு நிமிடம் பொறுத்தேன். பிறகு யன்னற்காற்று வேண்டும் என்பவனைப்போல எழுந்து முன்வரிசைக்குப் போய்விட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். இளைஞன் பையை மடியில் வைத்து, சிப்பை முழுதாகத் திறந்து, வாயை அகல விரித்து வைத்திருந்தான். உள்ளே நூற்கண்டுகள். நீலமும் மெரூனுமாக நிறைந்திருந்தன. யாரும் அவனைத் திறக்கச் சொல்லவில்லை. கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையில் அவன் இறங்கும்வரை பை அப்படியே திறந்து கிடந்தது.

அந்தச் செய்கை எனக்குப் புதிதல்ல. முப்பது ஆண்டுகளாக இந்தக் கரையோரப் பாதையில் நம் பிள்ளைகள் செய்த செய்கை அது. சோதனைச் சாவடி தூரத்தில் தெரியும்போதே, கேட்பதற்கு முன்னமே, பையைத் திறந்து மடியில் வைத்துக்கொள்வார்கள். அன்று தமிழ் இளைஞன் என்ற ஒரு துண்டு போதும். முழுப்பெயர் ஆயத்தமாக இருந்தது. அந்தப் பெயரால் நம் வீடுகளில் எத்தனை பேர் இரவிரவாக விழித்திருந்தோம்! அதே தாடையெலும்பை எடுத்து அதே கணக்கை நான் இன்னொரு தாயின் மகனுக்குப் போட்டுவிட்டேன்.

அச்சமும் தீர்ப்பும்

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். 'ஆற்றில் மூக்கு நுனி ஒன்று தெரிந்தால், அது முதலையா வேறொன்றா என்று முழு எலும்புக்கூட்டையும் ஆராய்ந்துவிட்டா பிள்ளையைக் கரையிலிருந்து இழுப்பது? துண்டைக் கண்டுதானே மனிதன் தப்பிப் பிழைக்கிறான்?' உண்மைதான். இந்த மறுப்பை இலகுவாகத் தள்ளிவிட முடியாது. அந்த வாரங்களில் நாம் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது.

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் இதை அழகாகப் பிரித்துக் காட்டுகிறார். அற்ப அடையாளங்களைக் கண்டு ஒருவருடைய நன்மையைப் பற்றி ஐயம் கொள்ளத் தொடங்குவது முதற்படி. இது மனித சோதனையோடு கூடவே வருவது, சிறு குற்றம். அதே அற்ப அடையாளங்களைக் கொண்டு அவர் தீயவர்தான் என்று நிச்சயித்துக்கொள்வது இரண்டாம் படி. விடயம் பாரமானதாயின் இது பாரமான குற்றமாகும். வெறும் ஐயத்தை வைத்துத் தண்டனைத் தீர்ப்பு வழங்குவது மூன்றாம் படி. இது நீதிக்கே நேர்விரோதம். இன்னொரு கருத்தையும் அவர் சொல்கிறார்: தீயவனை நல்லவனென்று எண்ணிப் பலமுறை ஏமாறுவது, நல்லவனைத் தீயவனென்று எண்ணி அரிதாக ஏமாறுவதிலும் மேல். முன்னதில் நாம் ஏமாறுகிறோம். பின்னதில் பிறனுக்கு அநீதி செய்கிறோம்.

ஆகவே பிள்ளையைக் கரையிலிருந்து இழுப்பது குற்றமில்லை. அச்சம் ஒரு காரியத்துக்காக வருகிறது. காரியம் முடிந்ததும் போகவேண்டும். அச்சம் போகாமல் பெயராகத் தங்கிவிடும்போதுதான் குற்றம் தொடங்குகிறது.

தேநீர்க் கடையில் அன்று இந்தப் பஸ் கதையை நண்பருக்கு நான் சொன்னேன். சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார்: "நீங்க பயந்ததுக்கு நான் குறை சொல்ல மாட்டன், மாஸ்டர். எங்கட ஆக்களும் பயந்துதானே இருந்த. அந்தப் பையன் இறங்கினதுக்குப் பொறகு நீங்க என்ன செஞ்சீங்க? அதுதான் கேள்வி." நான் ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தேன். அவர் தமது வேதத்தின் 49ஆம் அத்தியாயத்தைப் பற்றிச் சொன்னார். பட்டப்பெயர் சூட்டிப் பிறரை இழிவுபடுத்தலாகாது என்றும், சந்தேகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கவேண்டும் என்றும் அது கட்டளையிடுகிறதாம். நம் பிள்ளைகள் ஞானோபதேசத்தில் படிக்கும் எட்டாம் கட்டளையின் விளக்கமும் இதுவே அல்லவா என்றேன். "அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே சோதனைத் தாள்தான்" என்று சிரித்தார்.

அந்த நாட்களின் முழு உண்மையையும் நாம் எடுத்துப் பார்த்தோமா? ஏப்ரல் 26ஆம் திகதி இரவு, கல்முனைக்கு அருகேயுள்ள சாய்ந்தமருதில் அக்கூட்டத்தினர் ஒளிந்திருந்த வீடு சுற்றிவளைக்கப்பட்டது. உள்ளே அவர்கள் வெடிக்கவைத்த குண்டுகளில் சிறு குழந்தைகளும் மாண்டனர். அந்த வீட்டில் வந்திருந்தவர்கள்மேல் ஐயம்கொண்டு தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. இதுவும் அதே உடலைச் சேர்ந்த எலும்புதான். ஆனால் அடுத்த மாதமே வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, தாக்கியவர்கள் அந்த எலும்பைக் கையில் எடுக்கவில்லை. கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித், எவரும் முஸ்லிம்களுக்குத் தீங்கு செய்யலாகாது என்று மன்றாடினார். தம் மந்தையைப் பறிகொடுத்தவர் விடுத்த வேண்டுகோள் அது.

உறவைப் பற்றியும் நாம் இப்படித்தான் மேலோட்டமாகக் கணிக்கிறோம். உடையும் தொழுகையும் வேறு. ஆகவே அந்நியர் என்கிறோம். ஆனால் மட்டக்களப்பிலிருந்து அம்பாறைக் கரைவரை தாய்வழியாக வரும் குடிமுறை தமிழருக்கும் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு. மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்வது இரு சாராருக்கும் பொது. பேசும் தமிழ் பொது. வயலுக்குப் பாயும் தண்ணீர் பொது. வேற்றுமை இல்லை என்று நான் சொல்லவில்லை. வேற்றுமை உண்டு, 1990ஆம் ஆண்டின் காயங்கள் இரு பக்கத்திலும் உண்டு. மேற்தோற்றத்தைப் பார்த்து உறவையும் பகையையும் முடிவுகட்டலாகாது என்பதே நான் சொல்வது. முதலைக்குப் பறவை உறவென்பதைத் தோற்றத்தைக் கொண்டு யார்தான் கண்டிருப்பார்?

திருப்பிக் கொடுக்கும் கடன்

திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் பாவசங்கீர்த்தனம் மட்டும் செய்தால் போதாது என்பதை நாம் அறிவோம். கெடுத்த நற்பெயரையும் இயன்றவரை திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது திருச்சபையின் பழைய போதனை. ஆனால் எப்படிக் கொடுப்பது? அந்த இளைஞனின் பெயரும் எனக்குத் தெரியாது, வீடும் தெரியாது. மருதமுனையில் எத்தனையோ தறிகள். எதன் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்பேன்?

இங்கேதான் அந்தப் பழைய விலங்கின் கதை எனக்கு வழிகாட்டியது. 'முன்பு சொன்னது பிழை' என்ற மறுப்பு அறிவித்தலோடு அந்த அறிஞர்கள் நிற்கவில்லை. துண்டை அகற்றி, அதன் இடத்தில் ஒரு முழு உடலைக் கொண்டுவந்து வைத்தார்கள். 'எல்லா முஸ்லிம்களும் அப்படியல்ல' என்ற ஒரு வாக்கியம் வெறும் மறுப்பு மாத்திரமே. அதைச் சொல்கிறவன் மனத்தில் பெயர் இன்னும் அந்தத் துண்டின்மேலேயே நிற்கிறது. 'முஸ்லிம்' என்ற சொல்லைக் கேட்டதும் என் மனத்தில் எழுவது தொலைக்காட்சியில் கண்ட ஒரு முகமா, அல்லது முப்பது ஆண்டு பழகிய என் நண்பரின் முகமா? 'தமிழன்' என்றதும் அவர் மனத்தில் எழுவது எது? இதை மாற்ற ஆணைக்குழு தேவையில்லை. ஆனால் உழைப்பு தேவை. முழு எலும்புக்கூடு தானாக வந்து சேரவில்லை. வெயிலில் நின்று தோண்டினார்கள். நாமும் பழகவேண்டும், வீட்டுக்குப் போகவேண்டும், நோயிலும் சாவிலும் கூட நிற்கவேண்டும்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். ஆதாம் விலங்குகளுக்குப் பெயரிட்ட வரலாறு வேதாகமத்தின் முதற்பக்கங்களிலேயே வருகிறது. பெயரிடுவது கடவுள் மனிதனிடம் ஒப்படைத்த பெரிய பொறுப்பு. அந்தப் பொறுப்பை நம் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் நம்மிடமிருந்தே கற்கிறார்கள். அயலவரைப் பற்றி, மற்றச் சமயத்தவரைப் பற்றி, பக்கத்து வீட்டு மருமகளைப் பற்றி நாம் ஒரு பெயரை உதிர்க்கும்போது, 'அம்மா, அது எப்படித் தெரியும்?' என்று கேட்கப் பிள்ளைக்கு இடம்கொடுப்போம். கேட்டால் அதட்டாமல் இருப்போம். நமக்குத் தெரிந்தது மூக்குத் துண்டு மாத்திரமாயின், 'எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் பிள்ளை' என்று ஒப்புக்கொள்வோம்.

அதற்குப் பிறகும் அந்தப் பாதையில் பலமுறை போய்வந்திருக்கிறேன். காத்தான்குடியில் பஸ் நிற்கும்போது என் பக்கத்து இருக்கையில் வைத்திருக்கும் குடையையும் கடுதாசிப் பையையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். சில நாட்களில் யாராவது வந்து உட்காருகிறார்கள். மழை பற்றியும் நெல் விலை பற்றியும் பேசுகிறோம். அந்த இளைஞனை மீண்டும் நான் காணவில்லை.